பாசார் மலாய்: ஒட்டு போனது, வேலை போகவில்லை

பாசார் என்றால் சந்தை. பல இனத்தார் சந்தையிலும் துறைமுகத்திலும் பேசிப் பழகிய மலாய்தான் பாசார் மலாய். அதன் பேச்செடுத்தாலே "அதில் ஏது இலக்கணம், உடைந்த மலாய்தானே" என்பார்கள். தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும் என்பது உண்மை. ஆனால் இலக்கணம் இல்லை என்பது உண்மையல்ல. முறையான மலாய், சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டுகளைச் சேர்த்துச் செய்யும் வேலையை, பாசார் மலாய் தனிச்சொற்களை வைத்துச் செய்கிறது. எந்த ஒட்டின் இடத்துக்கு எந்தச் சொல் வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

முதலில் ஒட்டுகள். மலாய் வினைக்கு முன் வரும் 'மெ' ஒட்டு, வினையின் முதலெழுத்தைப் பார்த்து உருமாறும். b ஒலியில் தொடங்கும் 'பாச்சா' (படி) 'மெம்பாச்சா' ஆகும். 'தூலிஸ்' (எழுது) 'மெனூலிஸ்' ஆகும். த் விழுந்து ன் வந்துவிட்டது. அதே போல p ஒலியில் தொடங்கும் 'பூக்குல்' (அடி) 'மெமூக்குல்', 'கீரிம்' (அனுப்பு) 'மெஙீரிம்', 'சாப்பு' (பெருக்கு) 'மெஞாப்பு'. வல்லெழுத்து விழுந்து அதன் இன மெல்லெழுத்து அந்த இடத்தில் நிற்கிறது. வல்லினத்துக்கு இன மெல்லினம் எது என்று படித்த தமிழருக்கு இது எளிது. துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவனுக்கு அவ்வளவு எளிதல்ல: 'மெனூலிஸ்' என்று காதில் விழுந்தால், மூலச்சொல் 'தூலிஸ்' என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? ஆகவே சந்தையில் இந்த ஒட்டு முதலில் விழுந்தது. 'சாயா தூலிஸ் சூராட்', நான் கடிதம் எழுதுகிறேன், அவ்வளவுதான். 'பெர்' ஒட்டு 'பெராப்பா' (எவ்வளவு), 'பெர்ஹெந்தி' (நில்) போன்ற சொற்களில் உறைந்து கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை.

வினைக்குப் பின்னால் வரும் 'கான்' ஒட்டு செய்ய வைப்பதைக் காட்டும். 'மாத்தி' சாவது, அணைவது. 'மாத்திக்கான் லம்பு' விளக்கை அணை. பாசார் மலாயில் இது 'காசி மாத்தி லம்பு'. (காசி யாத்திரைக்கும் இதற்கும் தொடர்பில்லை, 'கொடு' என்று பொருள்.) 'காசி பெச்சா' உடை, 'காசி தாவு' தெரிவி, 'காசி மாசோக்' உள்ளே போடு. இங்கே ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. தமிழில் 'போக வைத்தான்' வேறு, 'போக விட்டான்' வேறு. 'காசி டியா பெர்கி' இரண்டையும் குறிக்கும். அனுப்பினானா, அனுமதித்தானா என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆளைப் பற்றிப் பேசும்போது 'காசி மாத்தி' என்றால் கொலை. விளக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

செயப்பாட்டுவினைக்கு மலாயில் 'டி' ஒட்டு: 'அபு டிபூக்குல் ஓலே அலி', அபு அலியால் அடிக்கப்பட்டான். சந்தையில் 'அபு கெனா பூக்குல் சாமா அலி'. இந்தக் 'கெனா' நம் 'படு' போன்றது: அடிபட்டான், அவதிப்பட்டான் என்பது போல, வினையோடு சேரும்போது பெரும்பாலும் கெட்டது நடந்ததைத்தான் சொல்லும். 'கெனா தீப்பு' என்றால் ஏமாந்து போனான். (லாட்டரி விழுந்தாலும் கெனாதான் என்பது தனிக்கதை, அங்கே பின்னால் வருவது பெயர்ச்சொல்.) அதனால் எல்லா 'டி'க்கும் பதிலாகக் கெனாவைப் போட முடியாது. 'இத்து சூராட் கெனா தூலிஸ்' என்றால் கடிதம் எழுதப்பட்டது என்று பொருள் வராது. எழுதியாக வேண்டும் என்றாகிவிடும். நல்லதும் கெட்டதும் இல்லாத இடத்தில் பொருளை முன்னே தூக்கி வைப்பதே வழி: 'இத்து சூராட் அலி தூலிஸ்', அந்தக் கடிதத்தை அலி எழுதினான்.

பாசார் மலாயின் முத்திரைச் சொல் 'பூஞா' (உடைய). முறையான மலாயில் உடைமைக்காரர் பின்னால் வருவார்: 'ரூமா சாயா', என் வீடு. சந்தையில் 'சாயா பூஞா ரூமா'. சுட்டும் இடம் மாறும்: 'இந்த வீடு' முறையான மலாயில் 'ரூமா இனி', சந்தையில் 'இனி ரூமா'. பெயரெச்சத் தொடருக்கும் அதே பூஞாதான். அவன் வாங்கின சட்டை முறையான மலாயில் 'பாஜு யாங் டியா பெலி'. சந்தையில் 'டியா பெலி பூஞா பாஜு'. சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. ஹொக்கியன் சீனத்திலும் இதே வரிசைதான். பூஞா இப்படிப் பரவியதற்கு ஹொக்கியனைத்தான் பெரும்பாலும் காரணம் சொல்வார்கள். எதிரெதிரே நின்று பேரம் பேசிய சீனருக்கும் தமிழருக்கும் அடைமொழி முன்னால் வருவதே இயல்பு என்பதால் அது நிலைத்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் 'ரூமா பெசார்' (பெரிய வீடு) என்பதில் பண்புச்சொல் பெரும்பாலும் பின்னாலேயே நின்றுவிட்டது. எல்லாம் புரண்டுவிடவில்லை.

'சாமா' என்ற ஒற்றைச் சொல் -ஓடு, -இடம், -க்கு, -ஆல், சில வேளை -ஐ எல்லாவற்றையும் சுமக்கிறது. முறையான மலாயில் இவற்றுக்கு 'டெங்கான்', 'கெப்பாடா', 'ஓலே' என்று தனித்தனியே உண்டு. பன்மை இடப்பெயர்களுக்கு 'ஓராங்' (ஆள்) சேர்த்தால் போதும்: 'லூ ஓராங்' நீங்கள், 'டியா ஓராங்' அவர்கள். இதில் எனக்கு வருத்தம் தருவது 'கித்தா ஓராங்'. மலாயில் 'கித்தா' நாம், 'காமி' நாங்கள். தமிழில் இருப்பதைப் போலவே அழகான பிரிவு. சந்தையில் அது கரைந்துவிட்டது. எண்ணும்போது ஆளுக்கு ஓராங், விலங்குக்கு ஏக்கோர், வண்டிக்குப் புவா என்ற கணக்கெல்லாம் சுருங்கி, 'தீகா பீஜி கெரேத்தா' (மூன்று வண்டி) என்று பீஜியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. காலத்தைக் காட்ட, செயல் முடிந்தால் 'சுடா', நடந்துகொண்டிருந்தால் 'அடா', இனிமேல் என்றால் 'நந்தி'. ஏன் என்பது 'அப்பா பாசால்'.

முறையான மலாய்க்கு மாறுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, வினை கண்ட இடமெல்லாம் 'கான்' ஒட்டுவது. 'காசி' வைத்துச் சொல்லக்கூடிய வினைக்கு மட்டும் ஒட்டிப் பார்த்தால் பாதிப் பிழை குறையும். இன்னொன்று பூஞா. 'சாயா பூஞா ரூமா' என்று ஜகார்த்தாவில் சொன்னால் 'எனக்கு வீடு இருக்கிறது' என்றுதான் புரிந்துகொள்வார்கள். வீட்டைப் பற்றி மேலே என்ன சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் மலாக்காவிலோ பினாங்கிலோ மட்டும் நடந்த கோளாறு அல்ல. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்த பின் அங்கே பணியாற்றிய தோமே பீரெஸ், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்திருக்கிறார். இத்தனை பேர் கூடிய இடங்களில் உருவான வணிக மலாய், கிழக்கே இந்தோனேசியாவின் அம்போன், மனாடோ வரை போயிற்று. அம்போனில் 'பெத்தா புங் ரூமா', மனாடோவில் 'கித்தா பெ ரூமா', இரண்டும் 'என் வீடு'தான் (மனாடோவில் கித்தா என்றால் நான்). இரண்டிலும் தேய்ந்து நிற்பது அதே பூஞா. ஆளாளுக்குத் தப்பாகப் பேசியிருந்தால் இத்தனை தீவுகளில் ஒரே தப்பு விளைந்திருக்காது.

மேற்கே அது இலங்கைக்கும் வந்தது. டச்சுக்காரர்கள் 1796 வரை தங்கள் ஆட்சியில் கொண்டுவந்த படைவீரர்களும் நாடுகடத்தப்பட்டவர்களும் பேசிய மலாய், தமிழோடும் சிங்களத்தோடும் பழகி வினையைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டது. வேற்றுமை உருபுகளையும் சேர்த்துக்கொண்டது. பூஞா அங்கே 'பே' என்ற உருபு: 'சே-பே', என்னுடைய. கண்டிக்கு என்பது 'கண்டி-நங்', கண்டியில் 'கண்டி-கா', கண்டியிலிருந்து 'கண்டி-டெரிங்'. சந்தையில் தனியாக நின்ற சுடாவும் நந்தியும் வினையோடு ஒட்டி 'சு-பி' (போய்விட்டான்), 'அந்தி-பி' (போவான்) என்று முன்னொட்டுகளாகிவிட்டன. ஒட்டைக் கழற்றிப் போட்ட மொழி, சில தலைமுறைகளில் தன் தனிச்சொற்களையே தேய்த்துப் புது ஒட்டு செய்துகொண்டது.