சியேனாவில் ஒரு குதிரையோடு நான்கு நாட்கள்

ஜூன் 29ஆம் தேதி காலை இத்தாலியின் சியேனா நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது, நகரின் நடுவே சிப்பியைப் போலச் சரிந்து கிடக்கும் பியாத்சா தெல் காம்போ திடலின் விளிம்பு நெடுகிலும் மஞ்சள் மண் கொட்டி இறுக்கியிருந்தார்கள். ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாட்களில் இங்கே பாலியோ என்னும் குதிரைப் பந்தயம் நடக்கிறது. சேணம் பூட்டாத பத்துக் குதிரைகள் திடலை மூன்று முறை சுற்றி வர ஒன்றரை நிமிடம்கூட ஆவதில்லை. அதை மட்டும் பார்ப்பதற்காக மாலையில் வந்து இரவே திரும்பிவிடும் பயணிகள், திருவிழாவின் பெரும்பகுதியைக் காணாமலே போகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

சியேனாவில் நத்தை, ஆமை, வாத்து, கம்பளிப்புழு என்று பெயர்கொண்ட பதினேழு பேட்டைகள் உண்டு; அவற்றை கொன்த்ராதா என்கிறார்கள். அவற்றின் எல்லைகளை 1729இல் ஆளுநராக இருந்த வியோலாந்தே இளவரசி வரையறுத்தார். மண்ணின் அகலம் பத்துக் குதிரைகளுக்கே இடம் தரும் என்பதால், முந்தைய ஆண்டு அதே பந்தயத்தில் ஓடாத ஏழு பேட்டைகள் உரிமையோடும், மற்ற மூன்று குலுக்கலிலும் இடம்பெறுகின்றன. எந்தக் குதிரை யாருக்கு என்பதும் குலுக்கல்தான். நான் சென்ற அன்று நத்தைப் பேட்டைக்கு ஒரு செம்பழுப்புக் குதிரை விழுந்தது. கிடைத்த குதிரையை மாற்ற முடியாது; அதற்குக் காயம் பட்டால் அந்தப் பேட்டை ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் பார்பரெஸ்கோ எனப்படும் பராமரிப்பாளர் நான்கு நாட்களும் இரவில் லாயத்திலேயே குதிரைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார்.

ஆறு ஒத்திகை ஓட்டங்களும், பந்தயத்துக்கு முந்தைய நாளிரவு தெருவின் நீளத்துக்கு மேசை போட்டு நடந்த விருந்தும் மகிழ்ச்சியானவை. ஆனால் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது பந்தய நாள் பிற்பகலில் பேட்டையின் தேவாலயத்தில் நடந்த ஆசீர்வாதம்தான். குதிரை படியேறி உள்ளே வந்தபோது அத்தனை பேரும் மூச்சை அடக்கி நின்றதால், சலவைக்கல் தரையில் குளம்பு பட்ட ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது. அது காதுகளை விறைத்துக்கொண்டு பீடத்தின் மெழுகுவர்த்திகளையே பார்த்தது. குருவானவர் தண்ணீர் தெளித்து, "போ, வென்று திரும்பி வா!" என்று உரக்கச் சொன்ன கணத்தில், எனக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் கழுத்துத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திடலின் நடுவே நின்று பார்க்கக் கட்டணமில்லை. வெயிலில் பல மணி நேரம் நிற்கும் உடல் வலு வேண்டும். ஒன்பது குதிரைகள் இரு கயிறுகளுக்கு இடையே வரிசையில் நிற்க, பத்தாவது பின்னாலிருந்து பாய்ந்து வந்தால்தான் பந்தயம் தொடங்கும். அந்தப் பத்தாவது குதிரைக்காரர் நேரம் பார்த்துக் காத்திருக்கையில், மற்றக் குதிரைகள் பொறுமையிழந்து முட்டிக்கொண்டன. கயிறு விழுந்தபின் எல்லாம் மின்னலாய் நடந்தது. சான் மார்த்தினோ வளைவில், சுவரோரம் மெத்தை சாத்தியிருந்தும், நத்தையின் வீரர் தூக்கி எறியப்பட்டார். ஆளில்லாத குதிரையும் வெல்லலாம் என்பது இங்குள்ள விதி. அது தனியாகவே ஓடியது, முந்தவில்லை. இந்த வளைவு குதிரைகளைப் பலிகொண்டிருக்கிறது. திருவிழாவை எவ்வளவு நேசித்தாலும் அந்த அச்சம் என்னை விட்டு அகலவில்லை.

வென்ற பேட்டையினர் பட்டுக்கொடியைத் தூக்கிக்கொண்டு நன்றிப் பாடல் பாட ப்ரொவென்சானோ மாதா ஆலயத்துக்கு ஓடினார்கள். நான் நத்தைப் பேட்டைக்குத் திரும்பினேன். லாயத்தின் வாசலில் பார்பரெஸ்கோ குந்தியிருந்து, குதிரையின் முன்கால்களில் வாளி வாளியாகக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டிருந்தார். கழுத்துத் துணி கட்டிய நான்கைந்து சிறுவர்கள் ஒன்றும் பேசாமல் ஒருவர் மாற்றி ஒருவர் வாளியை நிரப்பிக் கொடுத்தார்கள்.