பிரைமர் பூசும் முன் பார்க்க வேண்டியவை

எஃகுக் கட்டுமானங்களுக்கு வண்ணம் பூசும் பணியை மேற்பார்வையிடும் எனக்கு, வண்ணத்துக்கு அடியில் முதலில் பூசும் பிரைமர்களில் எது சிறந்தது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. அந்த பிரைமர் எப்படிப்பட்ட பரப்பின்மீது அமரப்போகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதிய எஃகுத் தகட்டின் மேல் தெரியும் கருநீலப் படலத்தைப் பலர் இயற்கையான பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். எஃகைச் சூடாக உருட்டும்போது உண்டாகும் மில் ஸ்கேல் என்னும் அந்த ஆக்சைடு படலம், நாளடைவில் விரிசல் விடுகிறது. விரிசலில் ஈரம் இறங்கியதும் படலத்துக்கும் எஃகுக்கும் இடையே மின்வேதி வினை தொடங்கி, அரிக்கப்படுவது எஃகாகவே இருக்கிறது. படலம் கழன்று விழும்போது அதன்மேல் பூசிய பிரைமரும் கூடவே வந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் இதை முழுமையாக நீக்க முடிவதில்லை. எனவே, கடுமையான சூழலில் நிற்கப்போகும் எஃகுக்கு, ஐஎஸ்ஓ 8501-1 தரநிலை சொல்லும் எஸ்ஏ 2½ அளவுக்காவது (லேசான கறைகள் தவிர துருவும் படலமும் நீங்கிய நிலை) பிளாஸ்டிங் செய்யுமாறு, அதாவது துகள்களை அழுத்தக் காற்றால் வீசிச் சுத்தம் செய்யுமாறு வலியுறுத்துகிறேன். அதற்கு மணலைப் பயன்படுத்தக் கூடாது; அதன் சிலிக்கா தூசு தொழிலாளரின் நுரையீரலை மீளமுடியாதபடி கெடுத்துவிடும். கார்னெட் என்னும் கனிமத் துகளோ எஃகுத் துகளோ போதும்.

பிரைமர் வகைகளின் வேலையும் ஒன்றல்ல. ரெட் ஆக்சைடில் உள்ள இரும்பு ஆக்சைடு நிறமி பெரும்பாலும் ஈரத்தைத் தடுக்கும் திரையாக மட்டுமே நிற்கிறது. ஜிங்க் பாஸ்பேட் அரிமான வினையையே மட்டுப்படுத்துகிறது. ஜிங்க் மிகுந்த பிரைமரில் துத்தநாகத் துகள்கள் ஒன்றையொன்றும் எஃகையும் தொட்டுக்கொண்டிருப்பதால், எஃகுக்கு முன்னதாகத் துத்தநாகம் அரிபட்டு அதைக் காக்கிறது. அந்தத் தொடர்பைத் துரு அல்லது பழைய பூச்சு மறித்துவிட்டால், அதற்குச் செலவிட்ட பணம் வீண்.

நான் அதிக நேரம் செலவிடுவது விளிம்புகளில்தான். ஈரப்பூச்சு உலரும்போது கூரிய விளிம்பிலிருந்து பின்வாங்கி அங்கே மெலிந்துவிடுவதால், முதல் துரு பெரும்பாலும் விளிம்பிலும் வெல்டிங் தையலிலும் போல்ட் தலையிலும் தோன்றுகிறது. ஆகவே விளிம்புகளைத் தேய்த்து மழுக்கி, வெல்டிங் சிதறல்களை அகற்றி, அந்த இடங்களுக்கு மட்டும் பிரஷ்ஷால் கூடுதலாக ஒரு பூச்சு கொடுக்கச் சொல்வேன். பரந்த பரப்பின் பளபளப்பைப் பார்த்து வேலையை ஏற்றுக்கொள்பவர்கள் தவறவிடுவதும் இந்த இடங்களைத்தான்.

காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ, வேலையை நிறுத்திவிடுவது நல்லது. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் எஃகின்மீது படிந்திருக்கும் வாய்ப்பு உண்டு. திடப்பொருள் கன அளவில் 50 சதவீதமே உள்ள பிரைமரை 100 மைக்ரான் ஈரத்தடிமனில் பூசினால், உலர்ந்தபின் 50 மைக்ரான்தான் மிஞ்சும். சீராக ஓடட்டும் என்று தின்னரைத் தாராளமாக ஊற்றினால் அதுவும் குறையும்.

மேல்பூச்சைத் தள்ளிப்போடுவது எனக்குப் பெருங்கவலை தருவது. எபாக்சி பிரைமர், உற்பத்தியாளர் குறித்த இடைவெளியைக் கடந்து இறுகிவிட்டால், அடுத்த பூச்சு அதன்மேல் சரியாகப் பிடிக்காது. பரப்பை நன்னீரால் கழுவி உலரவிட்டு, எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்த பிறகே மேல்பூச்சைத் தொடங்க வேண்டும்.