நமக்காக எடுக்கப்படாத தொடர்கள்

அயல்நாட்டுத் தொடர்களில் எதைப் பார்க்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், நான் முதலில் யோசிப்பது அந்தத் தொடர் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதைத்தான். உலகம் முழுவதும் ஓட வேண்டும் என்ற கணக்கோடு எடுக்கப்பட்டவை பெரும்பாலும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பளபளப்பான நகரத்தில் நடக்கின்றன. பார்த்து முடித்த மறுவாரமே மறந்தும் போகின்றன. தன் ஊர்க்காரருக்குப் புரிந்தால் போதும் என்று எடுக்கப்பட்டவையோ, முதல் இரண்டு எபிசோடுகளில் நம்மைத் திணறடித்தாலும், பிறகு விடாமல் பிடித்துக்கொள்கின்றன. அப்படி என்னைப் பிடித்துக்கொண்ட சிலவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

டென்மார்க்கின் 'போர்கன்' தொடரில் இருந்து தொடங்கலாம். கோபன்ஹேகனில் நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் இயங்கும் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனைக்கு மக்கள் இட்ட செல்லப்பெயர் அது. நாம் தலைமைச் செயலகத்தைக் 'கோட்டை' என்பதைப் போலவே, அந்தச் சொல்லுக்கும் கோட்டை என்றுதான் பொருள். அந்த நாடாளுமன்றத்தில் 179 இடங்கள். ஆட்சி அமைக்க நினைப்பவரின் மனத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் எண் 90. தனிக்கட்சிப் பெரும்பான்மை என்பதையே அந்நாடு ஒரு நூற்றாண்டாகக் கண்டதில்லை. எனவே சிறிய நடுநிலைக் கட்சி ஒன்றின் தலைவி பிர்கிட்டே நூபோர் எதிர்பாராத வகையில் பிரதமராகும்போது, கதையின் விறுவிறுப்பு முழுவதும் யாருக்கு எந்த அமைச்சகம், யார் எந்தக் கொள்கையை விட்டுக்கொடுப்பார் என்ற கூட்டணிப் பேரத்திலேயே அமைந்துவிடுகிறது. கொலை இல்லை, துரத்தல் இல்லை. ஒரு கடைரசீது ஒரு பிரதமரைக் கவிழ்க்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் பேச்சுவார்த்தை அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது. பதவி நூபோரின் திருமணத்தை மெல்ல மெல்லத் தின்பதை, அவராக வரும் சீஸே பாபெட் நுட்சென் கண்ணீரும் கூச்சலும் இல்லாமல் நடித்துக் காட்டியிருக்கும் விதத்திற்காகவே இதைப் பார்க்கலாம்.

2010-இல் இத்தொடர் தொடங்கியபோது டென்மார்க்கில் பெண் பிரதமர் எவரும் இருந்ததில்லை. அடுத்த ஆண்டே ஹெல்லே தோர்னிங்-ஷ்மித் அப்பொறுப்புக்கு வந்தார். அதைவிட வேடிக்கை, நூபோரின் கட்சிக்குத் தொடரில் வைத்த 'மிதவாதிகள்' என்ற பெயரிலேயே முன்னாள் பிரதமர் லார்ஸ் லோக்கே ராஸ்முசென் பின்னாளில் ஒரு கட்சியைத் தொடங்கி, 2022-இல் வெளியுறவு அமைச்சரும் ஆனார். அதே ஆண்டில் வெளிவந்த நான்காவது சீசனில் நூபோர் வகிப்பதும் வெளியுறவு அமைச்சர் பதவிதான். கிரீன்லாந்தில் எண்ணெய் கிடைப்பதைச் சுற்றிச் சுழலும் அந்த சீசனை, முதல் மூன்றின் 30 எபிசோடுகளைப் பார்த்த பிறகே தொட வேண்டும். ஸ்காண்டிநேவியா என்றாலே பனியும் பிணமும்தான் என்று அலுத்துப்போனவர்களுக்கு இது நல்ல மாற்று.

வட அயர்லாந்தின் 'டெர்ரி கேர்ள்ஸ்' நகைச்சுவைத் தொடர். லிசா மெக்கீ தம் சொந்த ஊரான டெர்ரியையும் தம் பள்ளிப் பருவத்தையும் வைத்து எழுதியது. 2018 முதல் 2022 வரை மூன்று சீசன்கள், மொத்தம் 19 எபிசோடுகள் மட்டுமே. 1990-களில், கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் தரப்புகளின் நெடுங்கால மோதலால் வந்த ராணுவச் சோதனைச் சாவடிகளுக்கும் வெடிகுண்டு மிரட்டல்களுக்கும் நடுவில் கான்வென்ட் பள்ளிக்குப் போகும் நான்கு சிறுமிகள். அவர்களோடு ஓர் ஆங்கிலேயப் பையன். ஆண்கள் பள்ளிக்கு அனுப்பினால் அடித்தே நொறுக்கிவிடுவார்கள் என்பதால் அவனைப் பெண்கள் பள்ளியில் சேர்க்கிறார்கள். முதல் எபிசோடிலேயே பாலத்தில் குண்டு இருப்பதாகச் செய்தி வருகிறது. வீட்டாரின் கவலையோ, பள்ளி நடக்காமல் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் கிடந்து உயிரை வாங்குவார்களே என்பதுதான். நெருக்கடிக்குள் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய சிரிப்பு இது.

இரண்டாவது சீசனின் தொடக்கத்தில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மாணவர்களை ஒன்றாக அமர்த்தி, தங்களுக்குள் உள்ள ஒற்றுமைகளையும் வேற்றுமைகளையும் சொல்லச் சொல்கிறார் ஒரு பாதிரியார். வேற்றுமைப் பலகை எழுத இடமில்லாமல் நிரம்புகிறது. புராட்டஸ்டண்டுகள் ரொட்டி வாட்டும் டோஸ்டரை அலமாரிக்குள் வைப்பவர்கள் என்பதும் அதில் ஒன்று. ஒற்றுமைப் பலகை வெறுமையாகவே நிற்கிறது. அந்த வேற்றுமைப் பலகை பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. முதல் சீசனின் கடைசி நிமிடங்களைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. சிரித்துக்கொண்டிருந்த முகத்தோடு அப்படியே உறைந்து அமர்ந்திருந்தேன் என்பதை மட்டும் சொல்லலாம். ஆங்கிலத் தொடர்தானே என்று சப்டைட்டிலை அணைத்துவிடாதீர்கள். அந்த உச்சரிப்பு லண்டன்காரர்களையே திண்டாட வைக்கும்.

கொரியத் தொடர்களில் எனக்குப் பணக்காரக் கதாநாயகர்கள் மீது ஒவ்வாமை உண்டு. அதனால் 'ரிப்ளை 1988' தொடரைத் தொட மிகவும் தாமதித்தேன், தவறு என்னுடையது. சியோலின் சங்முன்-டோங் பகுதியில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்கள், ஒலிம்பிக் நடந்த ஆண்டு. நாயகி டாக்-சன் தொடக்க விழா அணிவகுப்பில் மடகாஸ்கரின் பெயர்ப் பலகையை ஏந்துவதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறாள். மடகாஸ்கரோ போட்டியைப் புறக்கணித்துவிடுகிறது. முதல் எபிசோடில் மாலை நேரத்தில் ஒவ்வொரு வீட்டு அம்மாவும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது போட்டுப் பிள்ளைகளிடம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, வெறுங்கிண்ணம் திரும்பக் கூடாதென்று அங்கிருந்து இன்னொன்று வர, பிள்ளைகள் மாடிப்படிகளில் மோதிக்கொண்டு ஓடுகிறார்கள். அக்காவின் பிறந்தநாள் கேக்கையே தனக்கும் வெட்டும் கொடுமை தாங்காமல் இரண்டாவது மகளான டாக்-சன் வெடித்தழுவதும், நண்பனின் கடனுக்கு ஜாமீன் நின்று பாதி நிலத்தடி வீட்டுக்கு வந்துவிட்ட அப்பா, தனக்கும் அப்பாவாக இருப்பது இதுதானே முதல் முறை என்று சந்தில் அமர்ந்து தடுமாறுவதும் அதே எபிசோடில்தான். குறை ஒன்று உண்டு: 20 எபிசோடுகளில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு திரைப்பட நீளம். நாயகியின் வருங்காலக் கணவன் யார் என்ற புதிரையும் இழுத்திருக்க வேண்டிய அளவுக்கு மேல் இழுத்திருக்கிறார்கள்.

பிரான்சின் 'கால் மை ஏஜென்ட்' தொடருக்கு அங்கே 'பத்து சதவீதம்' என்று பெயர். நடிகர்களின் சம்பளத்தில் முகவர்கள் பெறும் பங்கு அது. எபிசோடுதோறும் ஒரு நிஜ நட்சத்திரம் தன் சொந்தப் பெயரிலேயே வந்து தன்னையே கேலி செய்துகொள்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு படங்களுக்கு ஓடும் இசபெல் யூப்பேரைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது சீசன் வரை அருமை. நான்காவது சற்றுத் தளர்வு.

நேரமே இல்லை என்பவர்களுக்கு ஜப்பானின் 'மிட்நைட் டைனர்': டோக்கியோவின் ஷின்ஜுகு சந்தொன்றில் நள்ளிரவு முதல் காலை ஏழு மணி வரை திறந்திருக்கும் சிறிய உணவகம், கண்ணில் தழும்புள்ள ஒரு சமையற்காரர், எபிசோடுக்கு ஒரு பதார்த்தம், 25 நிமிடங்கள். பசியோடு உட்கார வேண்டாம்.

இன்னும் நான் முழுமையாகப் பார்த்து முடிக்காதது இஸ்ரேலின் 'ஷ்டிசெல்'. ஜெருசலேமில் தொலைக்காட்சியையே ஒதுக்கி வாழும் தீவிர யூத சமயக் குடும்பம் ஒன்றின் கதை. அதில் முதியோர் இல்லத்துக்குப் போகும் பாட்டியின் அறையில் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு டிவி வந்து சேர்கிறது. அவர் அதில் மூழ்கிப்போகிறார், மகன் பதறுகிறார். அந்த வழக்கில் நான் பாட்டியின் பக்கம்.