சாம்ப்ராஸ் என்று கூப்பிடுகிறவர்களுக்கு

நமக்குப் பள்ளியில் பூகோளம் எடுத்த மேப் சார் போன தை மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் காலமானார். நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கும்பிடும் கை போட்டோம். அன்று மாலைக்குள் யாரோ பிரியாணி வீடியோ போட்டுவிட்டார்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவிலிருந்து போன்: "சாம்ப்ராஸ், நீதானே அவருக்குச் செல்லப்பிள்ளை. ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

செல்லப்பிள்ளையா? அவர் என்னை பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்த பீரியடை நீங்கள் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அந்த வாரம் ஒட்டிக்கொண்ட பெயரை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. இந்த மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு என் நிஜப் பெயர் தெரியாது. ஷார்ஜாவில் நம் சங்கப் பொங்கல் விழாவில் என் மனைவியை "மிஸஸ் சாம்ப்ராஸ்" என்றுதான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நானும் இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். சரி, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இந்த முறை எழுதிவிடுகிறேன். அதில் சார் வருவார். சிலோனும் வருவான்.

சாரைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அக்குளில் சுருட்டிய மேப், கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அந்த மேப்பின் கீழ்க்கட்டை எதற்கெல்லாம் பயன்பட்டது என்று நம் எல்லோருடைய முதுகுக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். போர்டில் தமிழ்நாடு போடும்போது காவிரியை ஒரே இழுப்பில் இழுப்பவர், பாலாற்றுக்கு வந்ததும் நின்று, புள்ளி புள்ளியாக வைப்பார். "வருஷம் பூரா தண்ணி ஓடாத ஆத்த இப்படித்தாண்டா போடணும். நம்ம ஊரு ஆறுங்கிறதுக்காக மேப்புல பொய் சொல்லக் கூடாது." மேப்பில் பொய் சொல்லக் கூடாது என்ற அந்த வாக்கியத்தை வைத்துத்தான் நான் அவர்மேல் முப்பது வருஷம் கோபமாக இருந்தேன்.

சிலோன் நம்மோடு எட்டாவதில் சேர்ந்தான். 1990-ல் மண்டபத்தில் கரையிறங்கி, அங்கிருந்து நம் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பம். மேல்மொணவூர் முகாமிலிருந்து பள்ளிகொண்டா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவான். சாரை "சேர்" என்பான், நாம் சிரிப்போம். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டான்.

ஒருமுறை யாரோ மந்திரி வந்த ஹெலிகாப்டர் பள்ளிக்கு மேலே தாழப் பறந்தது, ஞாபகம் இருக்கிறதா? வகுப்பே வராந்தாவுக்கு ஓடியது. அவன் மட்டும் இடத்தை விட்டு எழாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். "பாருங்கடா, ஒருத்தன் ஒழுங்கா உக்காந்திருக்கான்" என்று கணக்கு சார் மெச்சினார். அப்புறம் தண்ணீர்க் குழாயடியில் கேட்டபோது, "அது சும்மா ஹெலி. சுடுற ஹெலியிண்ட சத்தம் வேற" என்றான். அன்றிலிருந்து அது நமக்கு ஒரு விளையாட்டாகிப்போனது. அவன் வாயாலேயே ஒவ்வொரு விமானத்தின் சத்தத்தையும் போடுவான். எது பொம்பர், எது சகடை (குண்டு போடும் சரக்கு விமானம்) என்று நாம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு தேன்மிட்டாய். நான் நிறைய மிட்டாய் ஜெயித்திருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அவனும் சிரித்துக்கொண்டுதான் விளையாடினான்.

நாம் ஒன்பதாவது படித்த வருஷம் 1995. மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம். ராஜீவ் கொலை நடந்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகாலில், புலிகள் என்று பிடித்தவர்களை அடைத்துவைத்த சிறப்பு முகாம். யாழ்ப்பாணம் என்ற சொல்லைக் கடைத்தெருவில் சத்தமாகச் சொல்லப் பெரியவர்கள் பயந்தார்கள். முகாம் பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்பதால் அவ்வப்போது சாதா உடையில் ஒருவர் வந்து ஆபீஸ் அறையில் டீ குடித்துவிட்டுப் போவார்.

ஜூலை இரண்டாவது வாரம் அசெம்பிளியில் செய்தி வாசிக்கும் முறை எனக்கு. செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் பேப்பரைப் பார்த்து ஏழு செய்தி எழுதினேன். ஐந்தாவது, யாழ்ப்பாணத்தில் தேவாலயத்தில் தங்கியிருந்த அகதிகள் மேல் விமானம் குண்டு வீசியதில் பலர் பலி. உள்பக்கத்தில் ஒரு விரற்கடைச் செய்தி. நோட்டை வழக்கம்போல மேப் சாரிடம் காட்டினேன். அவர் ஐந்தாவது செய்தியில் நின்றார். ஆபீஸ் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து அடித்தார். ஒரு கோடு போதாதென்று குறுக்கும் நெடுக்குமாக, எழுத்தே தெரியாதபடி. "இது வேணாம். டென்னிஸ்ல ரெண்டு வரி சேத்துக்க."

சேர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் பெக்கரை 6-7, 6-2, 6-4, 6-2 என்று தோற்கடித்து, தொடர்ந்து மூன்றாம் முறையாகப் பட்டம் வென்ற பீட் சாம்ப்ராஸ். மைக்கில் என் குரல் அன்று எப்படியோ நன்றாக வந்தது. ஆகாசவாணிக்காரர்கள் மாதிரி இழுத்து, நிறுத்தி, ஸ்கோரை இரண்டு தடவை சொன்னேன். கலைந்து போகும்போதே பின்வரிசையிலிருந்து ஒருவன் "டேய் சாம்ப்ராஸ்!" என்றான். (அது யார் என்று தெரியும். இப்போது தம்மாமில் இருக்கிறான், பேத்தி எடுத்துவிட்டான்.)

இரண்டாவது பீரியட் மேப் சார். ஆசியாவை ஆணியில் மாட்டினார். பருவக்காற்றுப் பாடம். அவர் திரும்பியதும் கடைசி பெஞ்சிலிருந்து சிலோன் எழுந்து நின்றான். கேட்காமல் எழுந்து நிற்கிற பழக்கமே இல்லாதவன்.

"சேர், நவாலி நியூஸ் ஏன் வாசிக்கேல்லை?"

முகாமில் முந்தின இரவே பி.பி.சி. தமிழோசையில் கேட்டிருக்கிறார்கள். அவன் அம்மாவின் ஊர் சண்டிலிப்பாய். நவாலி அதற்கு நடை தூரம்.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கடா அது? வந்து காட்டு" என்றார். அவன் வந்து ஆசியாவுக்கு முன்னால் நின்றான். இலங்கை அதில் ஒரு மாங்கொட்டை அளவு. அவன் விரலை வைத்ததும் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் விரல் நுனிக்குக் கீழே மறைந்துபோனது. விரலை எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்தான். வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாருக்கு அங்கேதான் கோபம் வந்தது. யார்மேல் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. கட்டையால் என்னைக் காட்டினார். "நியூஸ் எழுதறவன் ஒழுங்கா எழுதணும். விளையாட்டு மட்டும் எழுதிட்டு வர்றான். ஏறுடா பெஞ்சு மேல."

ஏறினேன். என் நோட்டில் அவருடைய சிவப்பு மை இன்னும் காய்ந்திருக்காது. அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். நாற்பத்திரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். மின்விசிறி தலைக்கு ஒரு முழம் மேலே சுற்றியது. மணி அடிக்கும்வரை நின்றேன்.

நவாலியில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1995 ஜூலை 9, ஞாயிறு. "முன்னேறிப் பாய்தல்" என்று பெயர் வைத்து இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நகரத் தொடங்கிய நாள். வழிபாட்டு இடங்களுக்குப் போய் இருங்கள் என்று சனங்களுக்கு அரசுத் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டிருந்தது. அதை நம்பித்தான் மூட்டை முடிச்சோடு நடந்து வந்தவர்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்திலிருந்த சின்னக்கதிர்காம முருகன் கோயிலிலும் நிறைந்து கிடந்தார்கள். பின்னேரம் விமானம் வந்தது. செத்தவர்கள் நூற்றுக்கும் மேல்; அங்கே ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறவர்கள் 147 என்கிறார்கள். அரசு முதலில் மறுத்தது. செஞ்சிலுவைச் சங்கம் வெளிப்படையாகச் சொன்ன பிறகும் கொழும்புக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மேல்தான் கோபம்.

சிலோனின் சின்னம்மாவும் அவருடைய இளைய மகளும் அந்தத் தேவாலய வளவில் இருந்தார்கள். கடிதம் வந்துசேர ஆவணி ஆகிவிட்டது. வந்த விமானம் புக்காரா என்றான். தேன்மிட்டாய்ப் பந்தயத்தில் அந்தச் சத்தம் இருந்ததே இல்லை. அது அவர்கள் கிளம்பி வந்த பிறகு வாங்கிய விமானம். அதற்கப்புறம் அந்த விளையாட்டை யாரும் எடுக்கவில்லை. "நிறுத்தலாம்" என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த ஆகஸ்ட் 15 உங்களுக்கு வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். நாம் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் வாங்கிய அன்றைக்குத்தான் கோட்டைச் சிறப்பு முகாமிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிப் போனார்கள். ஊரே அகழியைச் சுற்றி வேடிக்கை பார்த்தது. மேல்மொணவூர் முகாமில் தலைக்கணக்கு, விசாரணை. சிலோன் இரண்டு வாரத்துக்கு மேல் வரவில்லை. வருஷக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் போடுகிற வேலை லீடரான எனக்கு வந்தபோது பார்த்தேன்: அந்த இரண்டு வாரமும் அவன் பெயருக்கு நேரே வருகை போடப்பட்டிருந்தது. சாரின் சாய்ந்த கையெழுத்து. சாதா உடைக்காரர் டீ குடிக்க வருகிற பள்ளியில், அந்தப் பதிவேட்டில், மையால். ஒரு வரியை மைக்கில் வாசிக்கவிடாத மனிதர் இதை எப்படிச் செய்தார் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, என் பெஞ்சுக் கோபத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அப்புறம் நாம் கிளம்பிவிட்டோம். காட்பாடி ஜங்ஷன், சென்னை, துபாய். இது எல்லோர் கதையும்தான், தாண்டிவிடுகிறேன்.

2024 மே 26, ஞாயிறு. சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். இறுதி. ஹைதராபாத் 113-க்குச் சுருண்டது, கொல்கத்தா பதினோராவது ஓவரிலேயே முடித்துவிட்டது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் எதிர் மேசைக்காரரிடம் அந்தக் கடுப்பைத்தான் முதலில் கொட்டினேன். அவர் பாலஸ்தீனர். அக்கா குடும்பம் கான் யூனிஸிலிருந்து கிளம்பி ரஃபாவில் கூடாரத்தில் இருந்தது. அவர் பதில் பேசாமல் போனைத் திருப்பிக் காட்டினார். முந்தின இரவு ரஃபாவின் தல் அல்-சுல்தானில் இடம்பெயர்ந்தவர்களின் கூடாரங்கள் எரிகிற படம். குண்டு விழுந்து தீப்பிடித்து 45 பேர் இறந்ததாகக் காசா சுகாதார அமைச்சு சொன்னது. ஹமாஸ் தலைவர்கள் இருவரைக் குறிவைத்தோம் என்றது இஸ்ரேல் ராணுவம். நெதன்யாகு அதைத் துயரமான தவறு என்றார். எதிர் மேசைக்காரரின் அக்கா வேறு பகுதியில் இருந்ததால் பிழைத்தார் என்று மதியத்துக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரை நான் அவருக்கு மூன்று தடவை டீ போட்டுக் கொடுத்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அன்று ஞாயிறு, இன்று ஞாயிறு. அன்று டென்னிஸ், இன்று கிரிக்கெட். இந்தத் தடவை சிவப்பு மை வைத்து அடிக்க யாரும் இல்லை. நானேதான் ஸ்கோரை வாசித்தேன்.

ஜூலையில் லீவுக்குப் போனபோது மேல்மொணவூருக்குப் போனேன். இப்போது அது மறுவாழ்வு முகாம். 2021 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் புது வீடுகளுக்கு அங்கேதான் அடிக்கல் நாட்டினார். சிலோனுக்கும் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. பெயின்ட் கான்ட்ராக்ட் எடுக்கிறான். காந்தி நகரில் என் அண்ணன் வீட்டுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தது அவன்தானாம், அண்ணனுக்கே தெரியாது. "இன்னாடா, தொப்ப போட்டுட்ட" என்றான். என்னைவிடச் சுத்தமான வேலூர்த் தமிழ். வேலூரிலேயே பிறந்த அவன் மகளுக்கும் இந்தியக் குடியுரிமை இல்லை. அகதிகளுக்கென்று 2019-ல் திருத்திய சட்டத்தில் இலங்கை என்ற பெயர் வரவில்லை.

நவாலிச் செய்தியை அடித்தது சார்தான், நான் எழுதித்தான் இருந்தேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். முப்பது வருஷம் அடைகாத்த விஷயம். அவன் பிரஷ்ஷைத் தின்னரில் கழுவிக்கொண்டே, "தெரியும்டா. சார் அன்னிக்கி சாயந்திரமே பஸ் ஸ்டாப்புல வந்து சொல்லிட்டாரு. நான்தான் அடிச்சேன், அவன் மேல தப்பில்ல, பயந்துட்டேன்டான்னு சொன்னாரு" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"நீதான் வந்து சொல்லல. நானும் பாத்தேன், ஒரு வாரம், ரெண்டு வாரம். அப்புறம் உன்ன எல்லாரும் சாம்ப்ராஸ்னாங்க, நீயும் திரும்பிப் பாத்த." இதைக் கோபமாகச் சொன்னான் என்று நினைக்க வேண்டாம். உள்ளே பார்த்து மகளிடம் டீ போடச் சொன்னான்.

அவன் சொன்னது உண்மை. பெஞ்சிலிருந்து இறங்கியதும் கடைசி வரிசைக்குப் போய் நோட்டைத் திறந்து காட்ட எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

சாரைப் போய்ப் பார்க்கலாம் என்று இருவரும் பேசினோம். அடுத்த லீவுக்குப் போகலாம் என்றேன். எனக்கு அடுத்த லீவு வருவதற்குள் தை வந்துவிட்டது. சிலோன் தனியாகப் போய் மாலை போட்டுவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். சுவரில் ஆசியா மாட்டியிருந்தது.

கடைசியாக ஒரு சங்க விஷயம். நம் விதிமுறைப்படி, தாயகத்துக்கு வெளியே வசிக்கும் பழைய மாணவர் எவரும் உறுப்பினராகலாம். சிலோனின் விண்ணப்பத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாயகத்துக்கு வெளியே முப்பத்தைந்து வருஷம்; நம்மில் யாருக்கும் அவ்வளவு சர்வீஸ் இல்லை. வசிக்கும் நாடு என்ற இடத்தில் இந்தியா என்றும், ஊர் என்ற இடத்தில் மேல்மொணவூர் என்றும் எழுதியிருக்கிறான். செயலாளர் அதை அடிக்காமல் இருந்தால் போதும். சந்தா நான் கட்டிவிட்டேன்.