புக்கிக்குப் பிடித்துப்போன சாஸ்

மாண்ட்ரியாலில் எங்கள் மாடி வீட்டில் இருந்த ஹைட்டிக்கார அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு நிறைய கிரியோ கொடுத்தார். பன்றித் தோள்கறியைப் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டு, வேகவைத்து, பிறகு மொறுமொறுவென்று பொரித்தது. கூடவே ஒரு கிண்ணத்தில் சாஸ். முதலில் காலியானது அந்தக் கிண்ணம்தான்.

அதன் பேர் சாஸ் டி-மாலிஸ். ஹைட்டி நாட்டுக் கதைகளில் டி-மாலிஸ் தந்திரக்காரன், புக்கி அவனுடைய வெகுளி நண்பன். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்துவிடுகிற புக்கியை விரட்ட, டி-மாலிஸ் கறியின் மேல் பயங்கரக் காரமாக ஒரு சாஸை ஊற்றி வைக்கிறான். புக்கியோ அதை ருசித்துவிட்டு, எல்லாரும் வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று ஊர் முழுக்கக் கூவிக்கொண்டு ஓடுகிறான்.

செய்முறையை அக்காவிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். இதில் நிதானம் வேண்டிய இடம் வெங்காயம்தான். ஆறேழு சின்ன வெங்காயத்தையும் பாதி பெரிய வெங்காயத்தையும் பொடியாக அரிந்து, கால் கப் எலுமிச்சைச் சாற்றில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். புளிப்பு ஆரஞ்சு கிடைத்தால் அதையும் பிழிந்துவிடலாம், அந்த லேசான கசப்பு சாஸுக்கு அவ்வளவு பொருத்தம். ஊற ஊற வெங்காயத்தின் பச்சை நெடி அடங்கி, ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அப்புறம் சாற்றை மட்டும் வாணலியில் வடித்து, நசுக்கிய பூண்டு இரண்டு பல், அரிந்த மிளகாய், மூன்று ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், உப்பு சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, சூட்டோடு வெங்காயத்தின் மேல் ஊற்றினால் வேலை முடிந்தது. முகத்தை வாணலிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், நெடி தொண்டையைப் பிடிக்கும்.

மிளகாய் ஸ்காட்ச் பானட். மிளகாயின் காரத்தை அளக்கிற ஸ்கோவில் அளவில் அது 1,00,000-இலிருந்து 3,50,000 வரை போகும், ஆனால் பழவாசனை அப்படி இருக்கும், இதை விட்டுவிட்டு வேறு மிளகாய் போட எனக்கு மனசு வராது. (இந்த இனத்துக்குத் தாவரவியலில் ‘சைனென்ஸ்’ என்று பெயர், 1776இல் ஜாக்கின் என்ற தாவரவியலாளர் சீனத்து மிளகாய் என்று நினைத்து வைத்தது, உண்மையில் தென் அமெரிக்கச் செடி.) காரம் விதையில் இருக்கிறது என்பார்கள், அதிகம் இருப்பது விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதையில்தான். அதைச் சுரண்டிவிட்டு அரை மிளகாயில் ஆரம்பியுங்கள்.

முதல் தடவை வெறுங்கையால் அரிந்து இரவு வரை விரல் எரிந்தது. தண்ணீரில் கழுவி ஒன்றும் ஆகவில்லை. காரம் எண்ணெயில்தான் கரையும், அதனால் சமையல் எண்ணெயைத் தேய்த்துவிட்டு சோப்புப் போட்டதும்தான் குறைந்தது. இப்போது கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

ஆறினதும் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும், சாப்பிட அரை மணி முன்னால் வெளியே எடுத்துவைத்தால் போதும். பொரித்த மீனுக்கும், தட்டி இரண்டு தரம் பொரித்த வாழைக்காய்க்கும் நாங்கள் இதைத்தான் ஊற்றிக்கொள்கிறோம்.