சிவப்பு கேப், கம்பளியா தெரியணும்: இதுவரைக்கும் செஞ்சது

32 எம்எம் உயர மந்திரவாதி மினியேச்சர்ல (பெயின்ட் பண்றதுக்கான குட்டி பொம்மை) முகம், கைத்தடி, தோல் பெல்ட் எல்லாம் முடிஞ்சாச்சு, இப்ப கேப்புக்கு, அதாவது தோள்ல இருந்து முதுகுல தொங்குற மேலங்கிக்கு வந்திருக்கேன். பின்னாடி இருந்து பாத்தா உருவமே அந்த கேப்தான், அதனால இதுல எனக்கு அவசரமே இல்ல. தனி பீஸா வந்ததால இன்னும் ஒட்டல, ஒரு கார்க்ல கம்பி குத்தி அது மேல நிக்க வச்சிருக்கேன், உள்பக்க மூலை வரைக்கும் பிரஷ் நல்லா போகுது.

கறுப்பு ப்ரைமர் (பெயின்ட் ஒட்டிப் பிடிக்க முதல்ல அடிக்கிற அடிப்பூச்சு) முழுசா அடிச்சு காஞ்சதும், மேல இருந்து சாய்வா வெள்ளை ப்ரைமர் லேசா தூவினேன். மேடு எல்லாம் வெளுத்து பள்ளம் எல்லாம் கறுப்பா நின்னுச்சு. பெயின்ட் தொடுறதுக்கு முன்னாடியே அதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கணும், ஏன்னா ரெண்டு லேயர் போனதும் வெளிச்சம் எங்க விழுந்துச்சுன்னு நமக்கே தெரியாது, இந்த கேப் முழுக்க அந்த போட்டோவ பாத்து பாத்துதான் பண்றேன்.

சிவப்பு பெயின்ட் பெரும்பாலும் மூடாது, கீழ இருக்கிறது தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால முதல்ல செங்காவியா ஒரு பிரவுன் மெல்லிசா ரெண்டு கோட், அப்புறம்தான் சிவப்பு. நிழலுக்கு கறுப்பு கலக்கல, கலந்தா சிவப்பு செத்துப்போன மாதிரி ஆயிடும், அடர்பச்சை துளி சேர்த்தா ஆழமான ஒரு மரூன் வருது, மடிப்போட அடிப்பள்ளத்துல அது அவ்வளவு அழகா உக்காருது! ஹைலைட்டுக்கும் அதே கதைதான், வெள்ளை சேர்த்தா ரோஸ் ஆயிடும், அதனால ஆரஞ்சு, அதுக்கு மேல கொஞ்சம் மனுஷத் தோல் நிறம்.

இப்ப முக்கியமான விஷயம். கேப்னாலே எல்லாரும் வழவழன்னு பிளென்ட் பண்ணத்தான், அதாவது ஒரு கலர் இன்னொண்ணுல கோடு தெரியாம கரையற மாதிரி பண்ணத்தான் பாப்பாங்க, பட்டுக்கு அது சரி, கம்பளிக்கு அது வேண்டாங்கிறது என் கருத்து. பட்டுல வெளிச்சம் மேட்டு முனையில ஒல்லியா பளிச்சுன்னு நிக்கும், கம்பளியில அது பரவி மங்கலா கிடக்கும், சொரசொரப்பும் தெரியும். அந்த சொரசொரப்ப கோடு போட்டுத்தான் கொண்டுவர்றேன். முனை நல்லா கூரா நிக்கிற ஒண்ணாம் நம்பர் பிரஷ்ல மடிப்பு போற திசையிலயே சின்னச் சின்னதா கோடு, அது காஞ்சதும் அதுக்கு குறுக்கால இன்னொரு வரிசை, மேட்டு முனைய நெருங்க நெருங்க கலர் வெளுப்பா, கோடு குட்டையா, நெருக்கமா. கோடு கொஞ்சம் தடிச்சாலும் இந்த சைஸ்ல கோணிப்பை மாதிரி தெரியும், அதனால பெயின்ட்ட பால் பதத்துக்கு கரைச்சு, ஒவ்வொரு தடவையும் டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டுத்தான் தொடுறேன்.

கோடு போட்டு முடிச்சதும் பாக்க முரட்டுத்தனமாதான் இருக்கும், பயப்பட வேண்டாம், கிளேஸ், அதாவது தண்ணியா கரைச்சு மெல்லிசா பூசுற பெயின்ட், அதை சேர்த்துப் பிடிச்சுடும். ஒரு பங்கு சிவப்புக்கு ஆறேழு பங்கு தண்ணி, பிரஷ்ல ஈரம் மட்டும் இருக்கணும், தேங்கக் கூடாது. பிரஷ்ஷ எங்க தூக்குறோமோ அங்கதான் கலர் அதிகமா விழும், அதனால நிழல் கிளேஸ்னா பள்ளத்துல கொண்டுபோய் முடிக்கணும், ஹைலைட்னா மேட்டுல. முழுசா காயாம அடுத்தது போட்டா கீழ இருக்கிறது பிய்ஞ்சு வந்துடும். மூணாவது கிளேஸ் காஞ்சப்ப இடது தோளுக்கு கீழ இருக்கிற பெரிய மடிப்புல கோடெல்லாம் அடங்கி, நெசவு மட்டும் மேல மிதந்து நின்னுச்சு, ரொம்ப நேரம் திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டே இருந்தேன்.

கீழ் ஓரத்துக்கு தங்க பார்டர் யோசிச்சேன், வேண்டாம்னு விட்டுட்டேன், நடந்தே ஊர் சுத்துற ஆளுக்கு அது ஒட்டாது. பதிலா ஓரத்துல வெளுத்த நிறத்துல குட்டை குட்டையா நேர்கோடு போட்டு நைஞ்ச துணியா காட்டியிருக்கேன், தரையில உரசுற இடத்துல மட்டும் பிய்ச்ச ஸ்பாஞ்ச்ல சேறு மாதிரி பிரவுன் ஒத்தியாச்சு.

மிச்சம் உள்பக்கம்தான். அங்க நெசவு கோடு எதுவும் போடப் போறதில்ல, இருட்டா விட்டாத்தான் வெளிப்பக்கம் எடுப்பா தெரியும். அது காஞ்சதும் மேட் வார்னிஷ் (பளபளப்பு இல்லாத பாதுகாப்புப் பூச்சு), அப்புறம் தோள்ல வச்சு ஒட்டிடலாம்.