ஏழு கன்னியர் மலை

இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்தில் மேகம் விலகிய நாட்களில், ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் ஏழு சிகரங்களைக் காணலாம். நாங்கள் அதனை ஏழு கன்னியர் மலை என்கிறோம்; சிங்களவர் சப்த கன்யா என்கின்றனர்; ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுவே. அருகிலேயே 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் மலையைச் சைவர் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர் ஸ்ரீபாத என்றும், முஸ்லிம்கள் ஆதம் மலை என்றும் அழைத்துவர, இந்த மலைக்கு மட்டும் மூன்று மொழியும் ஒரே பெயரைச் சொல்வது எனக்கு எப்போதும் வியப்புத்தான்.

தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு அந்தப் பெயர் அந்நியமானதன்று. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனோடும் முனியாண்டியோடும் கன்னிமாரையும் கொண்டுவந்தார்கள். மரத்தடியில் வரிசையாக ஏழு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமமிட்டால் அதுவே கோயில். புராணம் பிராமி, வராகி, சாமுண்டி என்று ஒவ்வொருத்திக்கும் தனிப் பெயர் சொல்லும். கிராமத்துக் கன்னிமாரோ எழுவரும் சேர்ந்தே கும்பிடப்படுவார்கள். மலையும் அப்படித்தான்: பெயர் ஏழுக்கும் பொதுவானது.

ஆனால் வெளியுலகம் இந்த மலையை அறிந்தது வேறு காரணத்தால். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிவிட்டு ஜித்தா செல்லவிருந்த மார்டின் எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, விமான நிலையம் இன்னும் வெகுதொலைவில் இருக்கும்போதே தாழப் பறந்து, சுமார் 4,355 அடி உயரத்தில் மலையில் மோதியது. 182 பயணிகளும் 9 பணியாளர்களுமாக 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த மிகப்பெரிய விமான விபத்து இன்றுவரை அதுவே. மோதிய இடம் ‘அஞ்சிமலை’ என்று பதிவாகியிருக்கிறது. அது தமிழர் வாயில் வழங்கிய பெயர் என்பது கேட்டவுடனேயே தெரியும்.

விமானத்தின் சக்கரம் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் வைக்கப்பட்டிருக்கிறது. மேலே ஏறுவதென்றால் தேயிலை மலைகளைக் கடந்து, அட்டைக்கடிக்குத் துணிந்து, காட்டுக்குள் புகவேண்டும். வழி விசாரிப்பவர் கன்னியரைச் சொல்லிக் கேட்டாலும் சரி, “பிளேன் விழுந்த மலை” என்று கேட்டாலும் சரி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெரியவர்கள் கைகாட்டுவது ஒரே பக்கந்தான்.